இண்டி ராக் பாடல் வரிகளுக்குப் பொருள் காணுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டுவரும் ஒரு பாடல் எதைப் பற்றியது என்று யாரேனும் கேட்டால், "சோகமான பாட்டு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல் நிற்பவர்கள் பலர். அப்படிப்பட்ட ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அது சொல்வதை வரிகளின் சான்றோடு ஒரு பத்தியாக எழுதும் நிலைக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

ஆங்கில இண்டி ராக் பாடல்களை, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராது வளர்ந்த ராக் வகைப் பாடல்களை, நண்பர்கள் சிலரோடு வாரந்தோறும் அமர்ந்து கேட்டுப் பேசிவருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இல்லை, படிகளின் வரிசையில்தான். கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதன்பின் பாடல் தன் குரலில் பேச இடமே இருப்பதில்லை.

விளக்கத்துக்கு ஒரே பாடலைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்: அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005-இல் வெளியிட்ட 'இல்லினாய்' ஆல்பத்தில் உள்ள 'கசிமிர் புலாஸ்கி டே'. அதன் சொற்கள் பள்ளிப் பாடநூல் அளவுக்கு எளியவை. ஆனாலும் முதல் முறை கேட்பவர் பாதியைத் தவறவிடுகிறார். பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான பாடல் எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன்

ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் எடுத்தால், ஒரு பாடலில் விளங்காத வரியை அடுத்த பாடலைக் கொண்டு விளக்கித் தப்பித்துக்கொள்ளத் தோன்றும். முதலில் அந்தப் பாடல் தன்னளவில் எவ்வளவு சொல்கிறது என்பது தெரியவேண்டும்.

ஹெட்போன், ஒரு நோட்டு, நல்ல ஆங்கில அகராதி, இணைய வரைபடம் ஆகியவை போதும். இவற்றோடு ஒரு விவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விவிலியமே போதுமானது. அமெரிக்க இண்டி பாடலாசிரியர்களுள் பலர், நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, விவிலியத் தொடர்களைப் பேச்சுமொழிபோல எடுத்தாள்கிறார்கள். கேட்பவருக்குத் தெரியும் என்னும் துணிவில், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொண்ட இரண்டு அமர்வுகளாக வேலையைப் பிரித்துக்கொண்டு, இடையில் ஓர் இரவையாவது விடுங்கள். முதல் நாள் முக்கியமாகத் தோன்றிய வரி மறுநாள் அப்படித் தோன்றாமல் போவதுண்டு. அந்த மாற்றத்தைக் கவனிக்கத்தான் இந்த இடைவெளி.

இந்தக் கட்டத்தில் பிறர் எழுதிய விளக்கங்களைப் படிக்கவேண்டாம். ஒரு விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டால், பிறகு எத்தனை முறை கேட்டாலும் காது அதையே கேட்கும்.

1. வரிகளைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை எதையும் எழுதாதீர்கள். இரண்டாம் முறை, காதில் தெளிவாக விழுந்த சொற்களை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் முறை, குரல் மாறும் இடங்களையும் கருவிகள் புதிதாகச் சேரும் இடங்களையும் நிமிடக் கணக்கோடு குறியுங்கள்.

பாடல் என்பது காதுக்காகச் செய்யப்பட்டது என்பதே இதற்குக் காரணம். எந்தச் சொல்லை உரக்கப் பாடி, எந்தச் சொல்லை விழுங்கவேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். வரிகளைத் தாளில் பார்த்த கணத்தில் எல்லாச் சொற்களும் ஒரே எடை பெற்றுவிடும். அந்த முடிவு மறைந்துவிடும்.

'கசிமிர் புலாஸ்கி டே'யை இப்படிக் கேட்ட எங்கள் குழுவினர் பலருக்கு அது ஒரு மென்மையான காதல் பாட்டாகவே பட்டது. முத்தம் என்னும் சொல்லும் காலை என்னும் சொல்லும் அவர்கள் காதில் நின்றிருந்தன; புற்றுநோய் என்னும் சொல் பாடலின் தொடக்கத்திலேயே வந்தும் நழுவியிருந்தது. அதைப் பிழை என்று அடித்துவிடாமல் நோட்டிலேயே வைத்திருங்கள். சாவைப் பாடும் பாடல் ஏன் காதல் பாட்டுப்போல ஒலிக்கிறது என்னும் கேள்வி ஏழாம் படியில் பயன்படும்.

2. சரியான பாடத்தைப் பெறுங்கள்

வரிகளைத் தொகுத்துத் தரும் இணையத் தளங்களில் உள்ளவை பெரும்பாலும் ரசிகர்கள் காதால் கேட்டுத் தட்டச்சு செய்தவை. சொற்கள் மட்டுமல்லாமல், வரி எங்கே முறிகிறது, எங்கே மேற்கோள் குறி வருகிறது என்பவையும் அவர்கள் முடிவு செய்தவையாகவே இருக்கும். குறுந்தகட்டோடோ இசைத்தட்டோடோ வந்த சிறுநூலில் வரிகள் அச்சாகியிருந்தால் அதையே மூலமாகக் கொள்ளுங்கள். அது கிடைக்காதபோது இரண்டு தளங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைப் பழஞ்சுவடிகளுக்குச் செய்வதுபோலப் பாடபேதமாகக் குறித்து, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

சில குழுக்கள் வரிகளை அச்சிட மறுப்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தன. 1983-இல் வந்த ஆர்.ஈ.எம். குழுவின் முதல் ஆல்பத்தின் பெயரே முணுமுணுப்பு என்று பொருள்படும் 'மர்மர்'. 1998-இல் 'அப்' ஆல்பம் வரும் வரையில் அந்தக் குழு எந்த ஆல்பத்திலும் வரிகளை முழுமையாக அச்சிடவில்லை. அத்தகைய பாடல்களில், காதில் தெளியாத ஒரு சொல்லின்மேல் உங்கள் விளக்கம் முழுவதையும் கட்டாதீர்கள்.

எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் இன்னொன்றாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே எழுதப்பட்டவையும் உண்டு. வேம்பயர் வீக்கெண்ட் குழுவின் 2013-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் தலைப்பு 'டயான் யங்'. எழுத்தில் அது ஒரு பெண்ணின் பெயர். உரக்கச் சொன்னால் இளமையிலேயே சாவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடராகக் காதில் விழும். இங்கே இரண்டும் சரியான பாடங்கள். ஒன்றை அடித்துவிட்டால் பாடலே போய்விடும்.

எந்தப் பதிவைக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கார் சீட் ஹெட்ரெஸ்ட் குழுவின் 'ட்வின் ஃபேண்டஸி' 2011-இல் ஒரு முறையும், புதிதாகப் பதிவு செய்யப்பட்டு 2018-இல் இன்னொரு முறையும் வந்தது. இரண்டிலும் சில வரிகள் வேறு. எங்கள் குழுவில் இருவர் ஒருமுறை நெடுநேரம் வாதிட்ட பிறகே, ஆளுக்கொரு பதிவைக் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

3. பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று எழுதுங்கள்

சங்கப் பாடல் படித்தவர்களுக்கு இந்தப் படி பழகியதே. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. தலைவி கூற்றைப் புலவரின் வாழ்க்கை வரலாறாக நாம் படிப்பதில்லை. ஆனால் ஒருவர் கிதாரோடு நின்று 'நான்' என்று பாடியவுடன், அந்த 'நான்' அவரேதான் என்று நம்பிவிடுகிறோம்.

திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. திரைப்பாடலில் பாத்திரங்களையும் சூழ்நிலையையும் படம் முன்னதாகவே கொடுத்துவிடுகிறது. இண்டி பாடலுக்கு அப்படி ஒரு படம் இல்லாததால், அந்தச் சூழ்நிலையை வரிகளிலிருந்தே நாம் எடுக்கவேண்டும். அது கிடைக்காதபோது பாடகரின் சொந்த வாழ்க்கையைப் படமாக வைத்துக்கொள்வதுதான் நான் மிகுதியாகக் காணும் பிழை.

மவுண்டன் கோட்ஸ் குழுவின் ஜான் டார்னீல் எழுதிய இரண்டு ஆல்பங்களை அருகருகே வைத்தால் இதன் அபாயம் விளங்கும். 2002-இல் வந்த 'டலஹாசி', ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் ஒரு கற்பனைத் தம்பதியைப் பற்றியது. 2005-இல் வந்த 'தி சன்செட் ட்ரீ', தம்மைக் கொடுமைப்படுத்திய மாற்றாந்தந்தையின் வீட்டில் அவர் வளர்ந்த காலத்தைப் பற்றியது. இரண்டிலும் 'நான்' அதே சூட்டோடு பேசுகிறது. குரலின் சூட்டைக் கொண்டு மட்டும் உண்மைக் கதையையும் கற்பனையையும் பிரிக்கமுடியாது.

நோட்டுப் பக்கத்தை நெடுக்கில் பிரித்து இரண்டு பத்திகள் போடுங்கள்: வரிகள் சொல்வது ஒன்றில், நீங்கள் ஊகிப்பது மற்றொன்றில். நம் பாடலில் 'நான்' ஒருவர், 'நீ' ஒருவர். மேற்சட்டையைக் குறிக்கும் ஒரு சொல்லால் 'நீ' பெண் என்று கொள்ளலாம். 'நான்' ஆணா பெண்ணா என்று பாடல் சொல்லவில்லை. இருவரின் வயதும் சொல்லப்படவில்லை. தந்தைக்குத் தெரிந்ததும் அவளுக்கு வரும் அச்சம் முதலியவற்றிலிருந்து பதின்வயது என்று ஊகிக்கிறோம். நல்ல ஊகம்தான், ஆனாலும் அதன் இடம் இரண்டாம் பத்தியே. இந்தப் பிரிவு தேவையற்ற கண்டிப்பாகத் தோன்றலாம். ஒன்பதாம் படியில் உங்கள் விளக்கம் எங்கே வலுவிழக்கிறது என்பதை இந்தப் பத்திகள்தான் காட்டும்.

4. நடந்ததை உரைநடையில் எழுதுங்கள்

குறியீடு, தத்துவம் எதுவும் வேண்டாம். யார் என்ன செய்தார், எங்கே, எப்போது என்பதை மட்டும், ஒவ்வொரு பகுதிக்கும் ஓரிரு வாக்கியமாக, தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துவைத்தால், அது புரியாமலே புரிந்ததாகத் தோன்றும். மொழிமாற்றும்போது மழுப்ப முடியாது.

நம் பாடல் இவ்வாறு வருகிறது. பாடலின் 'நீ'யாகிய அவளுக்கு எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்ததும் 'நான்' சில பொருள்கள் கொண்டுபோகிறார். அவள் தந்தை தொலைபேசியில் அழுகிறார்; தம் வருத்தத்தை நிரூபிக்கக் காரைக் கடற்படைத் தளத்துக்குள் ஓட்டுகிறார். செவ்வாய் இரவு விவிலிய வகுப்பில் எல்லாரும் கைகளை உயர்த்தி அவள் உடலுக்காக வேண்டுகிறார்கள், எதுவும் நிகழவில்லை. பிறகு ஒரு வீட்டின் கூடத்தில் நடந்த முத்தமும் தயக்கமும் நினைவுக்கு வருகின்றன. காலையில் மாடிப்படி உச்சியில், அவள் தந்தைக்கு விஷயம் தெரிந்தபோது, தனக்குப் பயமாக இருப்பதாக அவள் சொல்கிறாள். அவள் வெளியே ஓடுகிறாள். பின்னால் வரவேண்டாம் என்கிறாள். ஒரு ஞாயிறு இரவு வீட்டைத் துப்புரவு செய்கையில் அவள் எழுதிய அட்டையொன்று அவள் தாயின் படங்களோடு அகப்படுகிறது. 'நான்' குளியலறையில் அழுகிறார். ஒரு காலையில் அவள் இறக்கிறாள். செவிலியர் தலை கவிழ்ந்து ஓடிவருகிறார். ஒரு கார்டினல் பறவை சன்னலில் மோதுகிறது. மார்ச் முதல் நாள், விடுமுறை நாள், அவள் மூச்சுவிடுவதுபோலத் தோன்றுகிறது. இறுதிப் பகுதியில் கடவுள் வருகிறார்.

எழுதி முடித்ததும் மூன்று செய்திகள் கண்ணில் படும். நிகழ்ச்சிகள் காலவரிசையில் இல்லை. முத்தத்தின் நினைவு நோய்ச் செய்திக்கும் வேண்டுதலுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் எதையும் விளக்கவில்லை, எல்லாம் செயல்களாகவே வருகின்றன. மூன்றாவது, 'காலையில்' என்னும் சொல் வெவ்வேறு காலைகளைக் குறித்துக்கொண்டே திரும்பத் திரும்ப வருகிறது. உரைநடை எழுதாதவர்கள் இவை யாவும் ஒரே காலையில் நடந்தவை என்றே எண்ணிவிடுகிறார்கள்.

இந்தப் படியில் அகராதியை நிதானமாகப் புரட்டுங்கள், தெரிந்த சொற்களுக்கும் கூட. முத்தத்தை ஒட்டி வரும் 'காம்ப்ளிகேஷன்ஸ்' என்னும் சொல்லைச் 'சிக்கல்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் ஆங்கில மருத்துவமனைகளில் நோயின் தொடர்விளைவுகளையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். புற்றுநோய் பற்றிய பாடலில், காதலின் சிக்கலும் நோயின் சிக்கலும் ஒரே சொல்லில் நிற்கின்றன. தமிழில் ஒரு சொல்லால் அதைத் தரமுடியாது என்பதை உணர்ந்த இடத்தில்தான் பாடல் திறக்கிறது.

5. பெயர்களையும் பொருள்களையும் தேடுங்கள்

நிகழ்ச்சிகள் கையில் வந்த பிறகே இணையத்தில் தேடுங்கள். முன்னதாகத் தேடினால், எது முக்கியம் என்று தெரியாமல் தகவல் குவியும். ஊர், ஆள், தாவரம், பறவை, அமைப்பு, விழா என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும்.

கசிமிர் புலாஸ்கி போலந்தில் பிறந்த படைத்தலைவர். அமெரிக்க விடுதலைப் போரில் சவானா நகருக்கான சண்டையில் காயமுற்று 1779-இல் இறந்தவர். இல்லினாய் மாநிலம் மார்ச் மாதத்தின் முதல் திங்களை அவர் நினைவு நாளாகக் கொள்கிறது. பாடலில் பெயர் வரும் ஃபோர்-எச் என்பது சிறுவர்களுக்கும் இளையோருக்குமான, கிராமப்புறங்களில் வேரூன்றிய அமெரிக்க அமைப்பு. கார்டினல் சிவந்த பறவை, இல்லினாயின் மாநிலப் பறவையும் அதுவே.

கோல்டன்ராட் என்னும் மஞ்சள் பூவைத் தேடும்போது பலர் "காட்டுப்பூ" என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அது கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் பூப்பது. நோய்ச் செய்தி வந்தபோது 'நான்' கொண்டுபோனது அந்தப் பூ. அவள் இறந்தது மார்ச் முதல் நாள். அப்படியானால் இடையே ஏறக்குறைய அரை ஆண்டு கழிந்திருக்கிறது. பாடலில் மாதங்கள் எண்ணப்படவில்லை. ஒரு பூவும் ஒரு விடுமுறை நாளும் அந்தக் காலத்தை அளந்து தருகின்றன. கருப்பொருளைக் கொண்டு பொழுதை அறியும் நம் பழைய பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதும் இந்தப் படியின் பகுதிதான். மார்ச் முதல் நாளே விடுமுறை என்றால் அது திங்கட்கிழமை. 1993, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் அப்படி வந்தது. உடனே சிலர் "எந்த ஆண்டு?" என்று துப்பறியத் தொடங்கிவிடுகிறார்கள். பாடலுக்கு அந்த விடை தேவைப்படவில்லை. புலாஸ்கியின் போர்க்களச் சாவையும் அந்தப் பெண்ணின் சாவையும் ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதுவோரும் உண்டு. அந்த ஒப்புமைக்கு வரிகளில் இடம் இருப்பதாக நான் கருதவில்லை. அந்த நாள் அந்த மாநிலத்தாருக்கு வெளியே பெரும்பாலோர் அறியாத சிறிய விடுமுறை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளி இல்லாத ஒரு சாதாரணத் திங்கட்கிழமை, ஒருவருக்கு மட்டும் இனி வேறு நாளாகிவிடுகிறது.

சில பாடல்களில் ஓர் இடப்பெயரே முழு வரியையும் தாங்கி நிற்கும். அதே சுஃப்யான் ஸ்டீவன்ஸ் தம் தாயின் மறைவுக்குப் பின் எழுதிய 2015-ஆம் ஆண்டு ஆல்பத்தில், 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்னும் பாடல் டில்லமூக் பெருந்தீயைச் சுட்டுகிறது. அது ஆரிகன் மாநிலக் காடுகளில் 1933, 1939, 1945, 1951 என ஆறாண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்த தீ. திரும்பி வரும் தீ என்று தெரிந்தபின் அந்த வரியைப் பழையபடி கேட்கமுடியாது.

6. திரும்ப வருபவற்றைக் குறித்து, மாறியதைக் கண்டுபிடியுங்கள்

திரும்ப வரும் தொடர்களை ஒரே நிறத்தில் கோடிடுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்: பேசுபவரா, காலமா, அதை ஒட்டி வரும் சொல்லா? பாடல் சிறியது, இடம் குறைவாக உள்ள ஒருவர் ஒரு தொடரை இருமுறை வைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

அவள் வெளியே ஓடும்போது சட்டை உள்ளே செருகப்பட்டும் காலணியின் கயிறு கட்டப்படாமலும் இருக்கிறது. பின்னர் குளியலறைத் தரையில் 'நான்' அழும்போது அதே சொற்கள் 'நான்' மேல் வருகின்றன. அவளுடைய தோற்றம் இவருடையதாகிவிட்டது. துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடையும் காலணியும் மட்டுமே. இந்தப் பாடலில் என்னை மிகவும் அசைக்கும் இடம் இதுவே. கோடிட்டுப் பார்ப்பதற்கு முன் நானும் இதைக் கவனித்ததில்லை.

'மகிமை' என்னும் சொல் முதலில் முத்தத்தோடும், பிறகு அவள் ஓடுவதோடும், கடைசியில் கடவுளோடும் வருகிறது. சன்னலும் திரும்ப வருகிறது: ஒருமுறை பறவை மோதுவதற்கு, பிறகொரு முறை கடவுளின் முகம் தெரிவதற்கு. இறுதியில் 'எடுத்தல்' என்னும் வினை. கடவுள் நமக்குப் பதிலாக நின்றார் என்னும் கிறித்தவக் கோட்பாட்டை ஆங்கிலத்தில் 'நம் இடத்தை எடுத்துக்கொண்டார்' என்னும் பொருள்பட அதே வினையால் சொல்வார்கள். அடுத்து அதே வினை 'நான்' தோள்களைப் பற்றும் கடவுளுக்கு வருகிறது. கடைசியாக, செயப்படுபொருளே இல்லாமல், எடுக்கிறார் என்று மும்முறை வந்து பாடல் முடிகிறது.

இப்போது விவிலியத்தைத் திறவுங்கள். யோபு நூல், முதல் அதிகாரம், 21-ஆம் வசனம்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." தமிழ்க் கிறித்தவ வீடுகளின் அடக்க ஆராதனைகளில் கேட்டிருக்கக்கூடிய வசனம்தான். பாடல் அதன் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கொடுத்தலையும் ஸ்தோத்திரத்தையும் விட்டுவிட்டது. இறந்தகாலம் நிகழ்காலமாகியிருக்கிறது, எடுத்தல் இன்னும் முடியவில்லை.

7. இசையை மீண்டும் கொண்டுவாருங்கள்

முதல் படியின் குறிப்புகளை இப்போது எடுத்து, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இசை வரிகளோடு ஒத்துப்போகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பதே கேள்வி. நம் பாடலில் பாஞ்சோவும் கிதாரும் சீராக ஓடுகின்றன; குரல் எந்த இடத்திலும் உயர்வதில்லை. வேண்டுதல் பலிக்கவில்லை என்னும் வரியும் முத்தத்தின் வரியும் ஒரே மென்மையில் பாடப்படுகின்றன. ஆகவேதான் காதல் பாட்டாகக் கேட்டது. கடவுள் எடுக்கிறார் என்னும் வரிக்குப் பின் சொற்கள் நின்றுவிட, சொல்லில்லாத குரல்களும் ட்ரம்பெட்டும் தொடர்கின்றன. கோபத்தில் முடிந்திருக்கக்கூடிய இடத்தில் பாடல் சொல்லை விட்டுவிடுகிறது.

சொற்களே ஒலிக்காக அமைந்த பாடல்களும் இருக்கின்றன. போன் ஈவேர் என்னும் பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன், 2006–07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலக் காட்டு வீடொன்றில் தம் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, முதலில் சொல்லில்லாத மெட்டுகளைப் பாடிவைத்து, அந்த ஒலிகளுக்குள் கேட்ட சொற்களைப் பிறகே எழுதினார். காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் பல பாடல்களில் எந்த மொழிக்கும் உரியதல்லாத ஒலிகளையே பாடினார். நான்காம் படியின் உரைநடை நான்கு முறை முயன்றும் நிற்கவில்லை என்றால், பாடல் இந்த வகையைச் சேர்ந்ததா என்று ஐயுறுங்கள். அப்போது கதையைத் தேடாமல், படிமங்களின் வரிசையையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் மட்டும் குறித்து நிறுத்திக்கொள்வதே நேர்மை.

8. அதன் பிறகே பாடலாசிரியரின் பேட்டிகளைப் படியுங்கள்

பேட்டி பொருளுக்குச் சாவி அன்று. அதுவும் ஒரு சான்று, அவ்வளவே. முன்னதாகப் படித்தால், பாடலைச் சுற்றிய கதை பாடலை விழுங்கிவிடும். போன் ஈவேரின் காட்டு வீட்டுக் கதை அப்படித்தான் அந்த ஆல்பத்தை விழுங்கியது. ஆல்பத்தின் தலைப்பில் உள்ள எம்மா யார் என்று தேடி அலைந்தவர்களுக்கு, அது ஓர் ஆளைக் குறிப்பதன்று என்னும் கருத்தில் அவரே விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் 1998-ஆம் ஆண்டு ஆல்பத்தில் உள்ள 'ஹாலந்து, 1945' இதற்கு மறுபுறத்தைக் காட்டும். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்தது குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கமை ஆழமாகப் பாதித்தது என்பது அவரே சொன்ன செய்தி. தலைப்பு, ஆண்டு, உடன் இருந்த அக்காள், சில வாரங்களில் வந்துசேர்ந்த படை எல்லாம் பொருந்துகின்றன; ஆன் ஃபிராங்கும் அக்காள் மார்காட்டும் இறந்த பெர்கன்-பெல்சன் முகாம் 1945 ஏப்ரலில் மீட்கப்பட்டது. ஆனால் "இது ஆன் ஃபிராங்க் பற்றிய பாடல்" என்று எழுதி நோட்டை மூடினால், அதே பாடலில் அவள் ஸ்பெயின் நாட்டுச் சிறுவனாகப் பிறந்து பியானோ வாசிக்கும் வரி வெளியே நின்றுவிடும். பேட்டி பாதியை விளக்கும். மீதிப் பாதியை விளக்குவது உங்கள் வேலை.

9. ஒரு பத்தி எழுதி, வரிகளால் சோதியுங்கள்

ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது எந்த வரியைச் சார்ந்தது என்று குறியுங்கள். சார்வதற்கு வரியில்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். புதியவர்கள் இங்கேதான் கைநடுங்குகிறார்கள்; தங்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியமே பெரும்பாலும் சான்றற்றதாக இருக்கும்.

நம் பாடலைப் பற்றிப் புதியவர்கள் எழுதும் முதல் வாக்கியம், "இது நம்பிக்கை இழந்தவரின் பாடல்" என்பது. சோதித்தால் அது நிற்காது. வேண்டுதல் பலிக்காத வரி அதற்கு ஆதரவாக இருக்கிறது, உண்மை. ஆனால் அவள் இறந்த பின்னும் 'நான்' சன்னலில் கடவுளின் முகத்தைக் காண்கிறார். மகிமை என்னும் சொல்லைக் கைவிடவில்லை. எடுப்பவரைப் பெயர் சொல்லாமல் சுட்டும் அளவுக்கு அவர் அருகில் இருக்கிறார். கடவுள் இல்லை என்று முடிவெடுத்தவர் இப்படிப் பேசமாட்டார். என் பத்தியின் நடுவாக்கியம் இது: "தோழியின் சாவை விளக்க, சபையில் கற்றுக்கொண்ட சொற்களையே எடுத்துப் பார்க்கும் ஒருவர், அவற்றுள் ஒரு பாதி மட்டுமே தம் வாயில் மிஞ்சியிருப்பதைக் காண்கிறார்." மகிமை, இடத்தை எடுத்தல், யோபு வசனத்தின் அரைப்பகுதி ஆகிய மூன்றும் இதைத் தாங்குகின்றன.

பறவையைப் பற்றி ஒரு சொல். கார்டினல் வந்தால் இறந்தவர் வந்து பார்ப்பதாக ஒரு நம்பிக்கை அமெரிக்கர் சிலரிடையே உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலையும் அதே சொல் குறிக்கும். இரண்டையும் என் நோட்டில் எழுதி, இரண்டையும் அடித்தேன். அந்தப் பறவை எதையும் கொண்டுவரவில்லை, சன்னலில் மோதுகிறது. மோதல்தான் வரியில் இருக்கிறது.

10. மிஞ்சிய வரிகளைத் தனியே எழுதுங்கள்

உங்கள் பத்தியில் இடம் பெறாத வரிகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அவற்றை வலிந்து பொருத்தவேண்டாம். எல்லா வரிகளையும் விளக்கிவிடும் விளக்கம் பெரும்பாலும் எதையாவது வளைத்திருக்கும். மிஞ்சியவை பாதிக்கு மேல் இருந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பிச் சென்று பேசுபவரைச் சரியாகக் கண்டீர்களா என்று பாருங்கள். ஓரிரண்டு என்றால் அப்படியே விடுங்கள்.

என் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அவள் தந்தை கடற்படைத் தளத்துக்குள் காரை ஓட்டியது எதற்காக வருந்தி? சாக முயன்றார் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். மாடிப்படியில் அவள் பயந்ததை இதோடு சேர்த்து, அவர் மகளை அடித்திருக்கவேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டுக்கும் வரி போதவில்லை. பாடும் 'நான்' கூட அதை அறிந்திருக்கமாட்டார் என்றும், தொலைபேசி வழியாகக் கேட்டதை மட்டுமே சொல்கிறார் என்றும் அண்மையில் தோன்றியது. அதை இரண்டாம் பத்தியில், ஊகங்களின் கீழ், பென்சிலால் எழுதியிருக்கிறேன்.